ராக் பாட்டும் என் இடது காதும்

ஜூலை 11, திங்கள்

விடியலில் மழை. வாளி வைத்த இடத்தில் ஒழுகவில்லை. வைக்காத இடத்தில் ஒழுகியது.

பென்சில் சீவினேன். எழுதப் படிக்கக் கற்ற முதியோர் வகுப்பு முடிந்துவிட்டது. தினம் கொஞ்சம் எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். காட்ட வேண்டாம் என்பது பிடித்திருக்கிறது. என் மனைவி அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. எதையும் எழுதலாம்.

மத்தியானம் மலாய் ரேடியோவில் புதுக் குழுக்களின் ராக் பாட்டு நேரம். அரை மணிதான். அதில் பாதி நேரம் அறிவிப்பாளரே பேசுகிறார். ரேடியோவை மடியில் வைத்து இடது காதை ஒட்டிக்கொண்டு கேட்டேன். முதல் பாட்டு அழுகை. இரண்டாவதும் அழுகை. மூன்றாவது தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கித்தார், அதற்கு அடியில் தடித்த கித்தார், டிரம். ரப்பர் ஆலையில் பால்ஷீட்டு உள்ளே போவதற்கு முன்னால் உருளை மெஷின் சும்மா ஓடுமே, அந்தச் சத்தம்.

கைக்கு எட்டிய கேசட்டைப் போட்டு சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அழுத்திய பிறகுதான் பார்த்தேன், அஞ்சலையின் அம்மன் பாட்டு. மேலே பதியாமல் தடுக்கிற மூலை ஓட்டையில் அவள் எதற்கோ காகிதம் ஒட்டி வைத்திருந்தாள், அதனால் பதிந்தது. இரண்டாம் பக்கத்தின் கடைசிதான். போனால் போகட்டும். அம்மனுக்கு எவ்வளவோ பாட்டு இருக்கிறது.

குழுவின் பெயர் லோரி மாலாம். இரவு லோரி. மலாக்காப் பையன்கள் என்றார் அறிவிப்பாளர். எந்த ஊர் என்று சொல்லவில்லை.

இனி லோ.மா. என்றே எழுதுவேன். விரல் வலிக்கிறது.

ஜூலை 13, புதன்

வெயில். பாச்சாங் போனேன், லோ.மா. கேசட்டு தேடி. பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. முட்டி இரண்டும் போய்விட்டது.

இரண்டு கேசட்டுக் கடை. முதல் கடையில் பையன் கையை விரித்தான். இரண்டாவது சீனக் கிழவர் கடை. நான் மலாயில் கேட்டேன். அவர் தமிழில் பதில் சொன்னார்.

"அண்ணே, பேரனுக்கா?"

"எனக்குத்தான்."

"ஐயோ! ஒங்களுக்கு எம்.ஜி.ஆர். காலத்துப் பாட்டு இருக்கு லா. நல்லா இருக்கும். தூக்கம் வரும்."

தூக்கம் எனக்குப் பாட்டில்லாமலே வருகிறது. ராக்தான் வேண்டும் என்றேன். பெரிய குழுக்களின் கேசட்டுகளை எடுத்து அடுக்கினார். எல்லாவற்றிலும் நீள முடி, காற்றில் பறக்கிறது. இவர்கள் பாட்டெல்லாம் எனக்குத் தெரியும். முன்பு நன்றாகத்தான் இருந்தார்கள். பெயர் வந்ததும் காதலி போய்விட்டாள் என்று அழ ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு இன்னும் பெயர் வராதவர்கள் வேண்டும். தெரியாதவர்கள். வீட்டுக் கொட்டகையில் அடித்துப் பழகுகிறவர்கள்.

"லோரி மாலாமா? அது பாட்டா, டிரான்ஸ்போர்ட்டா?" என்றார் கிழவர். வெறுங்கையோடு வெளியே வந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டேன். இறங்க வேண்டிய பெம்பானைத் தாண்டிப் போய் இறங்கி நடந்து வந்தேன்.

ஜூலை 14, வியாழன்

எங்கும் போகவில்லை. கால் வீக்கம். வேப்பெண்ணெய்.

யாருக்கும் காட்டப் போவதில்லை என்பதால் இதை எழுதி வைக்கிறேன். வலது காது போய்விட்டது. போய்க் கொஞ்ச காலம் ஆகிறது. இடது காதில் மிச்சம் இருக்கிறது. அதுவும் தேய்கிறது. அஞ்சலைக்குத் தெரியாது. நான் பதில் சொல்லாவிட்டால் திமிர் என்று நினைக்கிறாள். அப்படியே இருக்கட்டும்.

ஆலையில் உருளை மெஷின் பக்கத்தில் நின்றே கிழவன் ஆனேன். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய் எடுக்கிற செம்பனைக்கு மாறியது, ஆலையை மூடினார்கள். முதல் வாரம் எல்லாரும் தூங்கினார்கள். எனக்குத் தூக்கம் இல்லை. அவ்வளவு அமைதி. ஒரு நாள் சாலையோரம் நின்ற லோரிக்குள்ளிருந்து மெஷின் சத்தம் வந்தது. ஆலை திறந்துவிட்டது என்று எழுந்து ஓடினேன். அது கேசட்டு. ராக் என்று டிரைவர் சொன்னான். அப்படித்தான் ஆரம்பம்.

பழைய பாட்டு நினைவில் இருக்கும். காது போனாலும் அதை உள்ளேயே ஓட்டிக்கொள்ளலாம். கேட்காத பாட்டை எப்படி ஓட்டுவது? காது இருக்கும்போதே புதியது எவ்வளவு முடியுமோ அவ்வளவு கேட்டுவிட வேண்டும். வேறு ஆசை இல்லை.

ஜூலை 16, சனி

மேகமூட்டம். சாயங்காலம் ஜாசினில் பாசார் மாலாம், இரவுச் சந்தை. சாலை முழுக்கக் குடைக்கடைகள். உள்ளூர்க் குழுக்களின் கேசட்டு விற்கிற மலாய்க்காரன் ஒருவன் வருவான். போனேன். அவன் இடத்தில் பலாப்பழம்.

பலாப்பழக்காரி சொன்னாள், அவன் இன்றைக்கு மெர்லிமாவ். நாளைக்கு வேறு ஊர். ஊர் ஊராகச் சுற்றுகிறான். நான் எந்த ஊருக்குப் போனாலும் அவன் அடுத்த ஊரில் இருக்கிறான்.

பின்னால் யாரோ ஒரு பெண் தன் பிள்ளையிடம் கத்தினாள்: "அத வாங்கிக் குடுத்தா இது வேணுங்குது, இத வாங்கிக் குடுத்தா அது வேணுங்குது, ஒங்க அப்பன் மாதிரியே!"

வீட்டுக்கு வந்தேன். அஞ்சலை வாசலில்.

"ஆப்பம் பாலிக் வாங்கியாரச் சொன்னேனே?"

கேட்கவில்லை. அவள் திரும்பக் கத்துவதற்குள், கை அசைந்ததை வைத்துச் சாப்பாடு என்று நினைத்து, "பசியில்ல" என்றேன்.

"எனக்குப் பசிக்குது! தின்னப் போறது நானு!"

பணியாரம் வாங்க மறந்தது உண்மை. போய்ப் படுத்தேன்.

ஜூலை 18, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது. கோயில் ரேடியோவைத் துடைத்து வைத்தேன். ஆலையில் மெஷின் பார்த்தவன் என்று அந்த வேலையை என் தலையில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

ரேடியோவில் பாட்டு நேரம் இன்றைக்கு இல்லை. கால்பந்து.

வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து லோ.மா. கேட்டேன். போன வாரத்தைவிட மங்கல். நாடா தேய்கிறதா, காதா? பாடுகிறவன் குரல் ஈரத்துணி போர்த்தியது போல வருகிறது.

மளிகைக் கடைப் பலகையைப் படித்தேன். முழுதாக. நின்று படித்ததில் கடைக்காரர் கடன் கேட்க வந்தேன் என்று நினைத்து உள்ளே போய்விட்டார்.

ஜூலை 22, ஆடி வெள்ளி

விடியுமுன் எழுந்தேன். உடம்பு இன்னும் படுக்கையிலேயே இருக்கிறது போல் ஒரு களைப்பு. நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கோயிலில் குழாய் ஒலிபெருக்கி இரண்டு. ஒன்று தொழிலாளர் லயத்து வீடுகளைப் பார்த்து, ஒன்று சாலையைப் பார்த்து. பாட்டைப் போட்டதும் ரேடியோ கோயில் கேசட்டை மென்றுவிட்டது. நாடா குடலாகத் தொங்கியது. கூழ்ப்பானைப் பக்கத்திலிருந்த அஞ்சலை, "நம்ம வீட்டுல ஒண்ணு இருக்கே" என்று ஓடிப் போய் எடுத்து வந்தாள். பெருமையாகக் கொடுத்தாள். நான் வாங்கிப் போட்டேன். யோசிக்கவில்லை. அவ்வளவு அசதி.

முதல் பக்கம் முடிந்தது. திருப்பினேன். கூழ் ஊற்றத் தொடங்கியிருந்தார்கள். இந்த வருடம் மேளக்காரர்கள் கிடைக்கவில்லை, கேசட்டில் வரும் உடுக்கையும் பம்பையும்தான். கடைசி வீட்டுப் பெரியாயி அதற்கே ஆடத் தொடங்கினாள். கூந்தல் அவிழ்ந்தது. அருள் வந்துவிட்டது. பூசாரி வேப்பிலையோடு வந்தார்.

அப்போது அம்மன் பாட்டு பாதியில் நின்றது. லோரி மாலாம் தொடங்கியது. குழாயில். தோட்டம் முழுக்க.

கோயில் தலைவர் முனியாண்டி ஓடி வந்தார்.

"நிப்பாட்டுங்கண்ணே! என்னா சைத்தான் சத்தம் இது!"

அவர் கை பொத்தானுக்குப் போனது. பூசாரி கத்தினார்: "தொடாதய்யா! ஆத்தா எறங்கியிருக்கா! மேளத்த நிப்பாட்டிப்புட்டு நாளைக்கு ஒண்ணுன்னா நீ பதில் சொல்லுவியா?"

அருள் வந்தவருக்கு அடிக்கிற மேளத்தை நிறுத்தக் கூடாது. ஆத்தா தானாக மலை ஏறும் வரை அடிக்க வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த முறை. கோயிலில் அப்போது இருந்த ஒரே மேளம் லோ.மா. டிரம். தலைவர் நீட்டிய கையோடு அப்படியே நின்றார்.

பெரியாயி நிற்கவில்லை. டிரம் ஏற ஏற அவளும் ஏறினாள். உடுக்கைக்குக்கூட அவள் இப்படி ஆடிப் பார்த்ததில்லை. யாரோ பின்னால், "இந்த வருசம் ஆத்தா ஒக்கிரமா இருக்கா லா" என்றார். கும்பிட்டார்கள். தலைவரும் கும்பிட்டார், வேறு வழியில்லாமல்.

நான் என்ன செய்தேன்? அசையாமல் நின்றேன். குழாய்க்கு நேர் அடியில் இடது காதைக் கொடுத்து நின்றேன். தடித்த கித்தார் முழுக்கக் கேட்டது. பாடுவதற்கு முன் பாடகன் ஒரு இருமல் இருமுகிறான். அது அதில் இருப்பதே எனக்குத் தெரியாது. கடைசியில் டிரம் அடிக்கிறவன் ஒரு அடி கூடுதலாக அடிக்கிறான், தவறுதலாகத்தான். அதுவும் கேட்டது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. எனக்கும் அருள் என்று நினைத்து ஒரு பிள்ளை எனக்கு விபூதி பூசியது.

பாட்டு முடிந்தது. பெரியாயி, "மழை உண்டு" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்தாள்.

அதன் பிறகு கண்ணைத் திறந்தால் எதிரில் அஞ்சலை. எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டாள் என்று தெரியவில்லை. வலது பக்கத்தில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். முகத்தைப் பார்த்தேன். திமிர் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொன்று. சாலையில் செம்பனைப் பழ லோரி ஒன்று நின்றது. டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடி வந்தான். தமிழ்ப் பையன், பெயர் சேகர்.

"தாத்தா, இது எப்படி ஒங்க கோயில்ல? இது எங்க மச்சான் பாட்டு லா! பாலன்தான் ட்ரம்ஸ்! நாங்க லூபோக் சீனா!"

லூபோக் சீனா. அந்த ஊருக்குப் போகாமல் பாச்சாங்கிலும் ஜாசினிலும் கால் தேய அலைந்திருக்கிறேன். கையைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. லோரியில் பழம் காய்கிறது தாத்தா என்று கெஞ்சிய பிறகுதான் விட்டேன்.

ஜூலை 23, சனி

மழை பெய்தது. பெரியாயி வீட்டுக்கு ஆட்கள் தேங்காயோடு போகிறார்கள்.

அஞ்சலை சமைத்தாள். பிறகு இடது பக்கமாக வந்து உட்கார்ந்து பேசினாள். சத்தமாக.

"காது போச்சுன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? நான் பாட்டுக்குச் செவுத்துகிட்டப் பேசிக்கிட்டு இருந்திருக்கேன். இத்தன நாளா!"

"எல்லாம் போகல."

"என் சாமி கேசட்டுல போயி அந்த இரும்படியப் பிடிச்சு வச்சிருக்கீங்க. ஆத்தா பொறுத்துக்கிட்டா. நான் பொறுப்பேனா?"

பொறுக்கவில்லை. ரேடியோவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஜூலை 26, செவ்வாய்

காது டாக்டர். காலையிலிருந்து மரப்பலகையில் உட்கார்ந்திருந்தோம். முதுகு விட்டுப்போனது. டாக்டர் மலாய்ப் பெண், சின்ன வயது. காதில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்றார். தூக்கினேன். கொஞ்சம்தான் தூக்கினேன் போலிருக்கிறது.

வலது காதில் ஒன்றும் இல்லை. இடது காதுக்கு ஒரு மெஷின் வைத்தால் பேச்சு கேட்கும். வர மாதங்கள் ஆகும். அதுவரைக்கும், அதற்குப் பிறகும், பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாது. போனால் மிச்சமும் போய்விடும்.

பாட்டு மெஷினில் எப்படிக் கேட்கும் என்று கேட்டேன். டாக்டர் பொய் சொல்லவில்லை. பேச்சுக்குத்தான் அது நல்லது, பாட்டு தகரம் போல இருக்கும் என்றார்.

பஸ் நிலையத்தில் அஞ்சலை எனக்குக் கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தாள். ஒன்றொன்றாக உரித்துக் கொடுத்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. நோயாளிக்குச் செய்வது.

ஜூலை 27, புதன்

வெயில். ஒன்றும் இல்லை.

ஜூலை 28, வியாழன்

ரேடியோ அரிசி டின்னில் இருக்கிறது. எடுக்கவில்லை. அவள் அரிசியை அளக்கும்போது அதைத் தள்ளிவிட்டு அளக்கிறாள்.

ஜூலை 31, ஞாயிறு

சேகர் வந்தான். லோரி இல்லை, மோட்டார் சைக்கிள். நல்ல பையன், என் இடது பக்கமாகவே உட்கார்ந்தான்.

லோ.மா. மூன்று பேர். இவன் மச்சான் பாலன் டிரம். அஸ்மி என்ற மலாய்ப் பையன் பாட்டும் கித்தாரும். தடித்த கித்தாருக்கு அஸ்மியின் அண்ணன். பாலன் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் ஞாயிறு தோறும் அடிக்கிறார்கள். கேசட்டு கிடையாது. ரேடியோவுக்கு அனுப்பியது அந்த ஒரு பாட்டுதான். அதனால்தான் எந்தக் கடையிலும் இல்லை. புதுப் பாட்டு நிறைய இருக்கிறதாம், ஒன்றும் பதியவில்லை.

"அண்ணங்காரன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறான் தாத்தா. வர்ற ஞாயித்துக்கெழமதான் கடைசி. அப்பறம் குரூப்பு இல்ல. வர்றீங்களா? கோயில்ல பாட்டுப் போட்ட தாத்தாவப் பாக்கணும்னு அவனுங்களே கேக்குறானுங்க."

நான் பதில் சொல்வதற்கு முன்னால் அஞ்சலை சமையல்கட்டிலிருந்து: "அவரு வர மாட்டாரு. டாக்டரு வேணாம்னுட்டாரு."

சேகர் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டான்.

ஆகஸ்டு 3, புதன்

சண்டை போடவில்லை. போடுவதற்குத் தெம்பு இல்லை. அவள் சொல்வதும் சரி. மிச்சம் இருக்கிற காதில் அவள் பேச்சாவது கேட்கட்டும் என்கிறாள். அது சின்ன விஷயமா?

மத்தியானம் ரேடியோ நேரத்துக்கு வெளியே போய் உட்கார்ந்தேன். ஒரு மைனா. வாய் திறந்து மூடுகிறது.

ஆகஸ்டு 5, ஆடி வெள்ளி

கோயில் ரேடியோ வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். தலைவர் வருத்தப்பட்டார். பெரியாயிக்கு இந்த வாரம் அருள் வரவில்லை. பாட்டு சரியில்லை என்றாளாம்.

வரும் வழியில் அஞ்சலை கேட்டாள், "அந்தப் பையனுங்க பாட்டு அப்படி என்னாதான் ஒங்களுக்கு?"

"புதுசு" என்றேன்.

கொஞ்ச தூரம் நடந்தாள். "ஞாயித்துக்கெழம போவோம். வாசல்லயே நிப்போம். உள்ள போகக் கூடாது. நானும் வருவேன்."

ஆகஸ்டு 7, ஞாயிறு

லூபோக் சீனா போய் வந்தோம். வந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணல்.

வெயில். சேகர் ஒரு வேனை இரவல் வாங்கி வந்தான். அஞ்சலை நல்ல சேலை கட்டியிருந்தாள், கல்யாணத்துக்குப் போவது போல. வழியெல்லாம் செம்பனை. தூங்கிவிட்டேன்.

தகரக் கொட்டகை. சுவரில் முட்டை அட்டைகள் ஒட்டியிருந்தார்கள், சத்தம் வெளியே போகாமல் இருக்க. பாலன் ஒல்லி, மரப்பலகை ஆலையில் வேலை. அஸ்மிக்கு முடி குட்டை. அண்ணன் கித்தார்க் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பெட்டி கட்டியாகிவிட்டது, நாளைக்குப் பயணம்.

மூவரும் மலாய் முறையில் என் கையைத் தொட்டுவிட்டுத் தங்கள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். பாலனின் அம்மா காப்பி கொண்டுவந்தார்.

வாசலில் இரண்டு நாற்காலி. அஞ்சலை சொன்னபடிதான். அவளே நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டாள்.

புதுப் பாட்டு என்றான் பாலன். யாரும் கேட்காதது. தொடங்கினார்கள். கிழவன் கிழவி இருக்கிறார்கள் என்று மரியாதையாக, மெதுவாக.

டிரம் தெரிந்தது. காலுக்கடியில் வந்தது. மற்றது ஒன்றும் இல்லை. அஸ்மியின் வாய் அசைகிறது. விரல் ஓடுகிறது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தடித்த கம்பியை இழுக்கிறான். நான் தலையை முன்னால் நீட்டினேன். இன்னும் நீட்டினேன். ஒன்றும் இல்லை. மைனாவைப் போலத்தான்.

பாட்டு முடிந்தது. அஸ்மி என்னைப் பார்த்து ஏதோ கேட்டான். எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டிருப்பான். நல்லா இருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

அஞ்சலை அதுவரைக்கும் முந்தானையால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் என் முகத்தையே பார்த்தாள். முந்தானையை எடுத்தாள். எழுந்தாள். என் கையைப் பிடித்து எழுப்பி, உள்ளே கூட்டிப் போனாள். பெரிய ஒலிபெருக்கிக்கு முன்னால் ஒரு மரப்பெட்டி. அதில் என்னை உட்கார வைத்தாள். இடது பக்கம் அதற்கு நேராக வரும்படி தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

பாலனைப் பார்த்துக் கத்தினாள். இப்போதெல்லாம் அவளுக்குக் கத்தித்தான் பழக்கம், அதனால் எனக்கும் கேட்டது.

"சத்தத்தக் கூட்டுங்கப்பா. மொதல்லேருந்து அடிங்க. அவருக்கு இன்னும் ஒண்ணும் வரல."

பாலன் ஏதோ தயங்கினான். டாக்டர் சொன்னதைச் சேகர் சொல்லியிருப்பான்.

"நான்தான் சொல்றேன்ல, கூட்டு."

அஸ்மி குனிந்து சத்தக் குமிழைத் திருகினான்.